குழந்தைக்கான மூங்கில் வில்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

சின்னப் பிள்ளைக்கு வில் செய்வது எளிதான வேலைதான். ஆனால் செய்த வில்லில் ஏதாவது ஒரு குறை தெரிந்ததும் கத்தியை எடுத்து மனம்போன இடத்தில் சீவினால், நல்ல மூங்கிலும் அரை மணி நேரத்தில் விறகாகிவிடும். எந்தக் குறைக்கு எந்த இடத்தில் கை வைக்க வேண்டும், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

கீழே வரும் அளவுகள் சுமார் 115 செ.மீ. உயரமுள்ள, ஆறேழு வயதுக் குழந்தைக்கானவை. வில் மூங்கிலை நீளவாக்கில் பிளந்தெடுத்த ஒரே பிளாச்சில் ஆனது, பிடியும் சேர்ந்தே லேசாக வளையும். வில்லின் நீளம் 110 செ.மீ. நடுவில் அகலம் 25 மி.மீ., நுனிகளில் 12 மி.மீ. சீவத் தொடங்கும்போது நடுவில் 9 மி.மீ., நுனியில் 7 மி.மீ. கனம் இருக்கட்டும். முடிக்கும்போது முறையே 8, 5.5 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கும். மூங்கிலுக்கு மூங்கில் இது மாறும். ஆகவே கனத்தை ஒரு தோராயமாக வைத்துக்கொண்டு, இழுவிசையைத் தராசில் பார்த்து முடிவெடுங்கள். இந்த வயதுக்கு 3 முதல் 4.5 கிலோ போதும். நான்கைந்து வயதென்றால் 2 முதல் 3 கிலோ. இழுக்கும் தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: குழந்தை இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கும்போது விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 115 செ.மீ. என்றால் 46 செ.மீ.

மூங்கில் மண்டியில் பெருமூங்கிலின் அடித்துண்டைக் கேளுங்கள். விட்டம் 8 செ.மீ.க்குக் குறையாமல், சுவர்க் கனம் 12 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். சாரம் கட்டிக் கழித்த பழைய மூங்கில் வேண்டாம். ஆணி அடித்த தடமும் கயிறு இறுக்கிய தடமும் பிறகு முறிவாக வெளிப்படும். மூங்கிலின் பளபளப்பான வெளித்தோல் பக்கம் வில்லின் முதுகு. அது எய்பவரைப் பார்க்காமல் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். வலுவான நார்கள் அந்தப் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, இழுவையைத் தாங்குவதும் அவைதான். சீவுவதெல்லாம் உள்பக்கத்தில், அதாவது வில்லின் வயிற்றில். முதுகில் கத்தி படவே கூடாது.

இழுக்கும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறது

இழுப்பதை உடனே நிறுத்துங்கள். 'இன்னும் ஒருமுறை பார்ப்போம்' என்று இழுக்கக் கூடாத ஒரே கோளாறு இதுதான்.

நாணை இறக்கிவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சை முதுகின்மேல் லேசாக வைத்து ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இழுத்துச் செல்லுங்கள். நார் எங்கே எழும்பியிருக்கிறதோ அங்கே பஞ்சு சிக்கி, ஓரிரு இழைகளை விட்டுச் செல்லும். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவைக்கூடப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் அது கணுவின் அருகில்தான் இருக்கும். கணு மேடாக இருக்கிறது, அழகாக இல்லை என்று வெளிப்பக்கத்தை அரத்தால் மட்டமாக்குவதால் வரும் வினை இது. கணுவில் நார்கள் நேராக ஓடாமல் கொஞ்சம் சுழித்து ஓடுகின்றன. மேட்டைத் தேய்த்தால் சுழித்த நார்களின் வாய் திறந்துகொள்ளும். வில் வளையும்போது பிளவு அங்கிருந்துதான் கிளம்பும். கணுவின் ஓரத்தில் விரலைக் கீறும் விளிம்பை மட்டும் 220 எண் உப்புத்தாளால் ஓரிருமுறை தடவினால் போதும்.

எழும்பிய நார் 1 செ.மீ.க்குள் இருந்தால், அடியில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்து, காய்ந்ததும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, சுற்றின் மேலும் பசை தடவுங்கள். சுற்று, பிளவின் இருபுறமும் 2 செ.மீ. தாண்டிப் போக வேண்டும். பிளவு அதற்கு மேல் நீண்டிருந்தால் அந்த வில்லைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பெரியவர் வில் முறிந்தால் துண்டு தலைக்கு மேல் போகலாம். குழந்தையின் வில்லில் முகமும் நுனியும் மிக அருகில் இருக்கின்றன.

சத்தம் வந்தும் முதுகு சுத்தமாக இருந்தால், வயிற்றுப்பக்கம் பாருங்கள். மயிரிழைபோல் குறுக்குக் கோடுகள் தெரிந்தால், அந்த இடம் தாங்கக்கூடியதைவிட அதிகம் வளைந்து நசுங்கியிருக்கிறது. இதற்குப் பசை உதவாது. கீழே 'ஒரே இடத்தில் மடங்குகிறது' என்ற பகுதியில் சொன்னபடி அந்த இடத்தின் சுமையைக் குறைக்க வேண்டும்.

குழந்தையால் இழுக்க முடியவில்லை

பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணின் நடுவில் மாட்டி, 46 செ.மீ. வரை இழுத்து எண்ணைக் குறியுங்கள். குழந்தை இழுக்கத் திணறும்போது தோள் காதுவரை ஏறும், முதுகு பின்னால் வளையும். எண்ணைப் பார்க்காமலே வில் அதிக விறைப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

இழுவிசையைக் குறைக்கும்போது ஒரு கணக்கை மனத்தில் வைத்திருங்கள். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு கால் பங்குக்கு மேல், சுமார் 27 சதவீதம், குறைந்துவிடும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். 8 மி.மீ. பிளாச்சில் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போனாலே ஒரு கிலோ இறங்கிவிடக்கூடும். ஆகவே இழைப்புளியை ஓரமாக வைத்துவிடுங்கள். கத்தியை நிமிர்த்திப் பிடித்து, வயிற்றின் மேல் சுரண்டுங்கள். மேல்பாதியில் 15 சுரண்டல் என்றால் கீழ்ப்பாதியிலும் 15. பிறகு நாணேற்றி, பாதித் தூரம் வரை முப்பது முறை இழுத்து விடுங்கள். சுரண்டிய இடம் புது வளைவுக்குப் பழக அவ்வளவு இழுப்பு வேண்டும். அதற்குப் பிறகே தராசு. இந்த முப்பது இழுப்பைத் தவிர்ப்பவர்கள்தான் 4 கிலோவில் நிற்க வேண்டிய வில்லை 2 கிலோவுக்கு இறக்கிவிட்டு விழிக்கிறார்கள்.

விரும்பிய எடைக்கு அரை கிலோ மேலே இருக்கும்போதே கத்தியை நிறுத்துங்கள். மீதியை உப்புத்தாள் எடுத்துவிடும். 80, 120, 220 என்று மூன்று எண்களில் தேய்த்து முடிக்கும்போது அந்த அரை கிலோ காணாமல் போயிருக்கும்.

ஒரு பாதி வளைகிறது, மறுபாதி கட்டைபோல் நிற்கிறது

கையில் பிடித்து இழுத்துக்கொண்டே இதைப் பார்க்க முடியாது. சுவரில் 5 செ.மீ. இடைவெளியில் கரியால் கிடைக்கோடுகள் போடுங்கள். இரண்டு ஆணிகளின்மேல் வில்லின் பிடியைக் கிடையாக வைத்து, நாணில் கயிறு கட்டிக் கீழே ஒரு கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். கப்பி இல்லையென்றால் ஒருவர் இழுக்க மற்றவர் பார்க்கலாம், ஆனால் இழுப்பவர் வில்லுக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. இரு நுனிகளும் ஒரே கோட்டுக்கு இறங்குகின்றனவா என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், கண் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்ட சாய்வும் பளிச்சென்று தெரியும்.

விறைப்பான பாதியில் மட்டும் சுரண்டுங்கள். வளையும் பாதியைத் தொடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் இதே விதிதான். மூங்கிலில் அடிப்பக்கம் சுவர் கனமானது, நுனிப்பக்கம் மெலிந்தது, நார்களின் நெருக்கமும் இரு முனைகளிலும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே இரு பாதிகளையும் அளவுகோலால் ஒரே கனமாகச் சீவினாலும் ஒன்றுபோல் வளையாது. இது செய்தவர் குற்றமில்லை, மூங்கிலின் இயல்பு. பிளாச்சு பிளக்கும்போதே எந்த முனை அடிமுனை என்று பென்சிலால் குறித்து வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. எங்கள் விருப்பம், அடிமுனையை வில்லின் கீழ்ப்பாதியாக வைப்பது. அம்பு பிடிக்கு மேலே தங்குவதால் கீழ்ப்பாதிக்குச் சுமை கொஞ்சம் கூடுதல், அங்கே சற்று விறைப்பு இருப்பது நல்லதே. முழு இழுப்பில் கீழ்நுனி 3 முதல் 5 மி.மீ. குறைவாக இறங்கினால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரே இடத்தில் மடங்குகிறது

மிகுதியாக வருவது இந்தக் கோளாறு, வில்லைக் கொல்வதும் பெரும்பாலும் இதுதான். சீராக வளைய வேண்டிய பாதியில் ஓர் இடம் மட்டும் முழங்கைபோல் மடங்கி நிற்கும். கண்ணால் பார்த்தால் சந்தேகமாக இருக்கும். 15 செ.மீ. நீளமுள்ள நேரான மரச்சட்டத்தை, நாணேற்றிய வில்லின் வயிற்றில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். சட்டத்தின் நடுவுக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். எங்கே இடைவெளி சட்டென்று கூடுகிறதோ அங்கே மடிப்பு. எங்கே இடைவெளியே இல்லையோ அங்கே கட்டை. இரண்டையும் வேறு வேறு நிறப் பென்சிலால் குறியுங்கள்.

கட்டை என்று குறித்த இடங்களில், முக்கியமாக மடிப்பின் இருபுறமும், சுரண்டுங்கள். பக்கத்துப் பகுதிகள் இளகும்போது வளைவு அங்கேயும் பகிர்ந்துபோகும், மடிந்த இடம் மூச்சு விடும். மடிந்த இடத்தில் ஒரு சுரண்டல்கூடக் கூடாது. மொத்த இழுவிசை குறையும்தான். குழந்தை வில்லுக்கு அது நட்டமில்லை.

மூங்கிலில் இந்த மடிப்பு பிறக்குமிடம் ஏறக்குறைய எப்போதும் கணுவின் அருகில்தான். கணுவின் உள்பக்கத்தில், மூங்கிலை அறை அறையாகப் பிரிக்கும் தடுப்பின் மிச்சம் ஒரு மேடாக இருக்கும். அதைச் சீவி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் முழுதாக மட்டமாக்கக் கூடாது. கத்தி மேட்டில் ஏறி இறங்கும் வேகத்தில், மேட்டுக்கு அடுத்த 2 செ.மீ.யில் ஆழமாக விழுந்துவிடும். அந்தப் பள்ளம்தான் பிறகு மடிப்பாகிறது. கணுவை நோக்கி இருபுறமிருந்தும் சீவி, கணுவின் மேலேயே நிறுத்துங்கள். கடைசியில் கணுவின் இடம் பக்கத்தைவிட 1 மி.மீ. தடித்திருந்தால் சரியான அளவு.

மடிப்பு ஏற்கெனவே ஆழமாகி, வயிற்றில் குறுக்குக் கோடும் விழுந்துவிட்டால் வேறொரு வழி உண்டு. வில்லின் நீளத்தை ஏற்றுக்கொண்டு, இழுக்கும் தூரத்தைக் குறைத்து, அதைவிடச் சிறிய குழந்தையின் வில்லாக்கிவிடலாம். 35 செ.மீ.க்கு மேல் இழுபடாதபடி நாணில் ஒரு தடைக்கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் பிடியில் முடியுங்கள். கோடு ஒன்றுக்கு மேல் இருந்தால் இதுவும் வேண்டாம்.

நாணை இறக்கினாலும் வில் நிமிரவில்லை

2 முதல் 3 செ.மீ. வளைவு தங்குவது இயல்பு. 5 செ.மீ.க்கு மேல் போனால் மூங்கிலில் ஈரம் இருந்திருக்கிறது. பச்சை மூங்கிலைப் பிளந்து அதே வாரத்தில் நாணேற்றினால் இப்படித்தான் ஆகும். பிளாச்சைத் தோராயமாகச் சீவி, நிழலில் காற்றோட்டமாக ஒன்றரை மாதமாவது வைக்க வேண்டும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் இது லேசில் நிற்காது. அப்போது சமையலறையில் அடுப்புக்கு எட்டத்தில், கைபொறுக்கும் சூட்டில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. நேர் வெயிலில் போட்டால் வெளியும் உள்ளும் வேறு வேறு வேகத்தில் காய்ந்து நீளவாக்கில் வெடிக்கும்.

தங்கிய வளைவை எடுக்கச் சூடு உதவும். வயிற்றுப்பக்கத்தைக் கரியடுப்பின் தணலுக்கு ஒரு சாண் மேலே காட்டி, தொட முடியாத சூடு ஏறும்வரை நகர்த்திக்கொண்டே இருங்கள். லேசாகப் பழுப்பேறத் தொடங்கியதும் எடுத்து, எதிர்த்திசையில் மெல்ல வளைத்து, முழுதும் ஆறும்வரை பிடித்திருங்கள். அதன்பின் இரண்டு மூன்று நாள் நாணேற்ற வேண்டாம். சூட்டில் போன ஈரம் கொஞ்சம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் நொறுங்கும் பக்குவத்தில் இருக்கும். கோடையில் தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்த வில்லுக்கும் இதே ஆபத்து உண்டு.

விளையாடி முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். இரவு முழுவதும் நாணேறிக் கிடந்தால், எவ்வளவு காய்ந்த மூங்கிலும் வளைவை ஏற்றுக்கொண்டுவிடும்.

நாண் நடுவில் ஓடாமல் ஓரமாகப் போகிறது

நுனியிலிருந்து பிடியைப் பார்த்து வில்லைப் பிடித்தால் நாண் பிடியின் நடுவைப் பிளந்தபடி தெரிய வேண்டும். சில மி.மீ. விலகல் என்றால் காடியில், அதாவது நாணை மாட்ட நுனியில் வெட்டும் பள்ளத்தில், சரிசெய்யலாம். நாண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் காடியைச் சின்ன வட்ட அரத்தால் சற்று ஆழமாக்குங்கள், நாண் எதிர்ப்பக்கம் நகரும். காடி நுனியிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, இரு ஓரங்களிலும் 3 மி.மீ. ஆழத்தில், பிடியை நோக்கிச் சரிந்து இருக்கட்டும். முதுகுத் தோலின் குறுக்கே காடி வெட்டக் கூடாது.

விலகல் அதற்கு மேல் என்றால் பிளாச்சே முறுக்கியிருக்கிறது. மேலே சொன்ன சூடுதான் வழி. முறுக்கு தொடங்கும் இடத்தைச் சூடாக்கி எதிர்த்திசையில் திருகிப் பிடித்து ஆறவிடுங்கள்.

நாண் தொய்கிறது, கண்ணி நழுவுகிறது

கொத்தனார் கட்டும் நைலான் நூல் நீளும், எவ்வளவு இறுக்கினாலும் மறுநாள் தொய்ந்திருக்கும். வில்லுக்கென்று விற்கும் டேக்ரான் நூல் கிடைத்தால் 8 இழை எடுங்கள். இல்லையென்றால் செருப்புத் தைக்கும் பாலியஸ்டர் மெழுகுநூல் 6 இழை. சேர்த்து முறுக்கித் தேன்மெழுகு தேய்த்தால் இழைகள் ஒன்றாக நிற்கும். மேலே நிலையான கண்ணி, கீழே இறுக்கித் தளர்த்தக்கூடிய முடிச்சு. நாணின் நீளம், காடிக்குக் காடி உள்ள தூரத்தைவிட 4 முதல் 5 செ.மீ. குறைவாகத் தொடங்கட்டும். நாணேற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி வர வேண்டும். குழந்தை கட்டைவிரலை நிமிர்த்தி முட்டியைப் பிடியில் வைத்தால், விரல்நுனி நாணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

இடைவெளி குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும். ஒருமுறை அடிபட்ட குழந்தை அடுத்தமுறை விடும்போது கையை ஒதுக்கும், அதற்குப் பிறகு எந்த அம்பும் நேராகப் போகாது. ஆகவே குறி தப்பத் தொடங்கினால் முதலில் இந்த 12 செ.மீ.யை அளந்து பாருங்கள். பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு மீதியை முன்கையில் மாட்டினால் நல்ல கைக்காப்பு.

அம்பு இடப்பக்கமே போகிறது, அல்லது வாலாட்டிக்கொண்டு போகிறது

வலக்கையால் இழுக்கும் குழந்தையின் அம்பு தொடர்ந்து இடப்பக்கம் போனால், அந்த வில்லுக்கு அம்பு மிக விறைப்பு. 3, 4 கிலோ வில்லுக்குக் கடையில் வாங்கிய 8 மி.மீ. உருளைக் குச்சி கம்பி மாதிரி. 5 முதல் 6 மி.மீ. மூங்கில் குச்சியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இருக்கும் குச்சியை நடுப்பகுதியில் தேய்த்து மெலிதாக்குங்கள். வால் ஆடினால் இறகு சிறிது. 6 செ.மீ. நீளத்தில் மூன்று இறகு ஒட்டுங்கள். அம்பு நாணில் தங்கும் இடத்தை, அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு 5 மி.மீ. மேலே, நூல்சுற்றால் குறித்துவிடுங்கள். அம்பின் காடி நாணைக் கவ்வ வேண்டும், ஆனால் நாணை ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழ வேண்டும்.

அம்பின் நீளம் இழுக்கும் தூரத்தைவிட 8 செ.மீ.யாவது கூடுதல், இங்கே 55 செ.மீ. குறைந்தால் நுனி பிடிக்கு உள்ளே வந்து கைக்குள் பாயும். தலையில் 5 செ.மீ. அகலமுள்ள ரப்பர் அல்லது அடர்ந்த ஸ்பாஞ்சு, கண்குழிக்குள் நுழையாத அளவில், பசையும் நூலும் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். தென்னை ஈர்க்கை அம்பாக வைத்து விளையாடுவதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள். மெலிந்த, கூரிய, லேசான அந்தக் குச்சி எங்கே போகும் என்று எய்தவருக்கே தெரியாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, காடியைப் பிளக்கும்.

மேலே மாவு மாவாக உதிர்கிறது

மூங்கிலை உளுப்பூச்சி பிடித்துவிட்டது. உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்காக அது வருகிறது. ஊசிமுனைத் துளைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் வில்லை அடுப்பில் போடுங்கள், பக்கத்து மூங்கில்களுக்கும் பரவும். அடுத்த பிளாச்சைச் சீவும் முன் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறவைத்து, இடையிடையே தண்ணீரை மாற்றினால் மாவுச்சத்து பெரும்பாலும் கரைந்துபோகும். பூச்சுக்குச் சுத்தமான பச்சை ஆளிவிதை எண்ணெய் நல்லது. கடையில் 'பாயில்டு' என்று விற்பதில் உலோக உப்புகள் கலந்திருக்கும், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிய துணி தானே சூடாகித் தீப்பிடிக்கும்.

மூங்கில் கிடைக்கவில்லை

சிலம்பக் கம்பு விற்கும் இடத்தில் கட்டைவிரல் பருமனைவிடக் கொஞ்சம் தடித்த பிரம்பு கிடைக்கும். பிரம்பு லேசில் முறியாது, வளைவு மட்டும் தங்கிவிடும். முதல் வில்லாகச் செய்து பழக இதைவிட நல்ல பொருள் இல்லை. ஒரு பக்கத்தை முழுதும் தொடாமல் விட்டு மறுபக்கத்தை மட்டும் சீவுங்கள். உடுமலை, தர்மபுரி பக்கம் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்களிடம் பழைய மல்பெரிச் செடியின் தடித்த கிளை கேட்டால் கிடைக்கலாம். 4 செ.மீ. தடிமனில், கணுவும் கிளைப்பும் இல்லாத நேரான துண்டு. பட்டையை உரித்து, முனைகளில் மெழுகு பூசிக் காயவைத்தால் வெடிக்காது. பட்டைக்கு அடியில் இருந்த பரப்பே முதுகு, கத்தி படாமல் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். மற்றக் கோளாறுகளும் அவற்றுக்கான வழிகளும் மேலே சொன்னவையே.

குழந்தை வளர்ந்துவிட்டது

நுனிகளை வெட்டிக் குட்டையாக்கினால் வில்லின் இழுவிசை கூடும் என்பது உண்மை. ஆனால் வளர்ந்த பிள்ளை முன்பைவிட நீளமாக இழுக்கும். குட்டையான வில்லை நீளமாக இழுப்பது முறிவை விலைக்கு வாங்குவது. பழைய வில்லை அச்சாக வைத்து, 10 செ.மீ. கூட்டிப் புதிது செய்யுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு கனம் நின்றது என்று அதிலேயே அளந்துகொள்ளலாம். பழையதை அடுத்த குழந்தைக்குக் கொடுக்கும் முன் புது நாண் கட்டி, முதுகில் ஒருமுறை பஞ்சை ஓட்டிவிடுங்கள்.